கதை இலாகாவின் வேலைநிறுத்தம்

புன்னைவன முதலாளியின் ஜின்னிங் பாக்டரியில் இரண்டு வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன.

முதலாவது கீழே நடந்தது. பருத்தியில் தூசி பொறுக்கும் பெண்கள், கைப்பிள்ளைகளைக் கிடத்த நிழலாக ஒரு கொட்டகை வேண்டும் என்று கேட்டு, ஒருநாள் காலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மெஷின் நின்றது. ரயிலடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று அற்றுப்போகவும், வீட்டில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி எச்சில் கையோடு ஓடிவந்தார். மத்தியானத்துக்குள் மூங்கிலும் ஓலையும் வந்து இறங்கிவிட்டன.

இரண்டாவது மாடியில் நடந்தது. இந்தக் கதை அதைப் பற்றியது. அப்படி ஒன்று நடந்தது ஊருக்கே தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மாடியில் மூன்று பேர் சினிமா எழுதினார்கள். யுத்த காலத்தில் பஞ்சு வியாபாரத்தில் முதலாளி கொழுத்துவிட்டார். அப்படிக் கொழுத்தவர்களுக்கு அந்த நாளில் இரண்டே வழி. கோவிலுக்கு மண்டபம் கட்டலாம், இல்லாவிட்டால் சினிமா எடுக்கலாம். மண்டபத்தை அவருடைய அப்பா கட்டிவிட்டார். ஆகவே 'ஸ்ரீ நாகசுனை பிக்சர்ஸ்' பிறந்தது. நடிப்பதும் படம் பிடிப்பதும் சென்னையில். எழுதுவது மட்டும் சங்கரன்கோவிலில். எழுதுகிறவனைச் சென்னையில் விட்டுவைத்தால் வேறொரு முதலாளி காபி வாங்கிக் கொடுத்துக் கலைத்துவிடுவான் என்பது அவருடைய அனுபவம். அவரே அப்படித்தான் இந்த மூன்று பேரையும் கலைத்துக் கொண்டுவந்தார்.

மூவரில் மூத்தவர் சிவகிரி ராமசுப்பு. நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் போட்டு, தொண்டை போனபின் பேனாவுக்கு வந்தவர். கோர்ட்டுக் காட்சிகள் அவர் பொறுப்பு. ஒருவனைக் கூண்டில் ஏற்றிவிட்டால் லேசில் இறக்கமாட்டார். மோர் கேட்டால்கூட, "மோரும் இல்லையோ? தருவார் யாரும் இல்லையோ?" என்றுதான் கேட்பார்.

அடுத்தவர் கடையநல்லூர் முகம்மது ஹுசைன். ஹாஸ்யம் அவருடையது. ஊரையே சிரிக்கவைப்பார், அவர் சிரித்ததைப் பார்த்ததாக அவர் மனைவிகூடச் சொன்னதில்லை.

மூன்றாமவர் கரிவலம்வந்தநல்லூர் தங்கப்பழம். ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்தவர். பெண்கள் அழுகிற இடமெல்லாம் அவருக்கு. அவர் எழுதி மூன்று படங்கள் வெளிவந்துவிட்டன. மூன்றிலும் பெண்கள் அழுதார்கள், கொட்டகையிலும் அழுதார்கள். திரையில் மட்டும் அவர் பேர் வரவில்லை. அன்றைய வழக்கம் அது: 'கதை, வசனம்: எங்கள் கதை இலாகா' என்று ஒரே வரி. தபால் இலாகா மாதிரி. கடிதம் வந்தால் போதாதா, தபால்காரன் பேர் எதற்கு?

இதில் தங்கப்பழத்தைவிட அவர் மாமனார்தான் அதிகம் அடிபட்டார். கரிவலத்துக் காபிக் கடையில் உட்கார்ந்து, "நம்ம மருமவன் எழுதுன படம்லா" என்று முதல் படத்துக்குச் சொன்னார். "பேரைக் காணுமே அண்ணாச்சி, வெத்தலை போடப் போயிருந்தாரோ?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்றாவது படத்துக்குப் பிறகு அவர் காபியையே விட்டுவிட்டார்.

தங்கப்பழத்தின் மனைவி மாடத்திக்கு எழுத்து தெரியாது. ஆனால் புருஷன் பேரை மட்டும் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டு, அடுப்புக் கரியால் சுவரில் எழுதி எழுதிப் பழகி வைத்திருந்தாள். டூரிங் டாக்கீஸில் எழுத்து ஓடும்போது முறுக்கு மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். எழுத்து முடிந்ததும் மறுபடி மெல்லுவாள். அந்த முறுக்குச் சத்தம் தங்கப்பழத்துக்குத் தாங்க முடிவதில்லை.

"இந்தப் படத்திலயாவது வருமா?"

"வரும்."

"போன படத்துக்கும் இதத்தான் சொன்னிய. உங்க வாயில வருது, படத்துலதான் வரமாட்டேங்கு."

ஆகையால்தான் அந்த ஆடி மாதம் மூவரும் முதலாளி முன்னால் போய் நின்றார்கள். கூலியைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாட்டைப் பற்றியும் பேசவில்லை. திரையில் எங்கள் பேர் வேண்டும் என்று கேட்டார்கள்.

முதலாளிக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகளைக் காட்டினார். "பொதி மேல யாரு மார்க் இருக்கு?"

"உங்க மார்க்குதான்."

"வெதைச்சவன் பேரு இருக்கா? களை எடுத்தவ பேரு இருக்கா? பருத்தி என்ன கோவிச்சுக்கிட்டா வெடிக்காமப் போச்சு? போங்கவே, போயி எழுதுங்க."

மாடிக்குத் திரும்பியதும் ராமசுப்பு தோளில் துண்டை வீசிப் போட்டார். "பேனாவைக் கீழே வைப்போம்! பேரில்லையேல் பேனா இல்லை!"

"பேனாவை எடுத்தாத்தானவே கீழ வைக்க முடியும்? நீரு எடுத்து ஒரு வாரமாச்சே," என்றார் ஹுசைன்.

வேலைநிறுத்தம் என்றால் முதலாளிக்கு எழுத்து மூலமாக ஓர் அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று தீர்மானமாயிற்று. வந்தது வினை. ராமசுப்பு எழுதிய அறிவிப்பில் முதல் வாக்கியம் இரண்டாம் பக்கத்தில்தான் முடிந்தது. அதைத் தங்கப்பழம் திருத்தினார். படித்தால் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. ஹுசைன் திருத்தியதில் முதலாளியின் தொப்பை வந்துவிட்டது. அடித்தார்கள், எழுதினார்கள், கிழித்தார்கள். படத்துக்குக்கூட அவர்கள் அவ்வளவு உழைத்ததில்லை. கடைசியில் அறிவிப்பு உருப்படாமலே போய், வாயால் சொல்லிவிடலாம் என்று இறங்கிப் போனார்கள்.

அன்றைக்குத் தபசுத் திருநாள். தெருவெல்லாம் சனம். முதலாளி சந்தனம் பூசிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ராமசுப்பு இரண்டு கைகளையும் விரித்து முழு வசனத்தையும் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார்.

"நல்லா இருக்கு. அம்மாளே சாமியப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னுதான் காரியம் சாதிச்சா. நீங்க பாயில சாஞ்சுக்கிட்டுச் சாதிக்கப் பாக்கிய. சரி, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, சாப்பாடு எப்பவும்போல மேல வரும். வெறும் வயித்தோட யாரும் என் மாடியில ஸ்ட்ரைக் பண்ணப்படாது."

சாப்பாடு வந்தது. வழக்கத்தில் இல்லாத ஓர் அப்பளமும் வந்தது. வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த அப்பளம் ஒன்றுதான் அத்தாட்சி. கீழே மெஷின் எப்போதும்போல் இரைந்துகொண்டிருந்தது. மாடியில் மூன்று பேர் எழுதாமல் படுத்திருப்பதற்கும் எழுதுவதற்காகப் படுத்திருப்பதற்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியும்? தூசி பொறுக்கும் மகபூப் பீவி ஒருத்திதான் முற்றத்திலிருந்து நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"என்ன அண்ணாச்சி, எழுதுறத நிறுத்திட்டியளாமே?"

"ஆமாம்மா! உரிமைக்காக!" என்றார் ராமசுப்பு.

"எப்பம் எழுதினிய?"

சென்னையிலிருந்து டைரக்டர் தந்தி அடித்தார். செட்டுப் போட்டாகிவிட்டது, நடிகர்கள் காத்திருக்கிறார்கள், சீன் எங்கே? மூவரும் அந்தச் செய்தி கேட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். முதலாளி அடுத்த நிமிஷம் பாக்டரிக் கணக்கப்பிள்ளை இசக்கிப்பாண்டியைக் கூப்பிட்டு, "மிச்சப் படத்தை நீ எழுது" என்றார்.

இசக்கிப்பாண்டி நல்ல மனிதர். வேர்த்துவிட்டது. "முதலாளி, நான் பில்லுதான் எழுதுவேன்."

"அதுவும் எழுத்துதானலே? மாடியில போயி உக்காந்து எழுது, காத்து வரும். எழுதுறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுது. யாருட்டயும் ஒண்ணும் கேக்காத. அதுதான் முக்கியம்."

அவர் மாடிக்கு வந்து, மூலையில் பலகையைப் போட்டுக்கொண்டு, தலைகுனிந்தபடி, "நீங்க பாட்டுக்கு ஸ்ட்ரைக் பண்ணுங்க அண்ணாச்சி, நான் இங்கன ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன்" என்றார். மிச்சத்தில் முதல் காட்சியை எழுத ஆரம்பித்தார். ஜமீன்தார் மகன் பட்டணம் போய்விட்டான். அவன் மனைவி தனியாக நின்று பேசவேண்டும். இசக்கிப்பாண்டி உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்:

"நாதா! தங்கள் கடிதம் வரப்பெற்று விவரம் அறிந்தேன். இவ்விடம் யாவரும் க்ஷேமம். நான் மட்டும் அழுகிறேன். மற்றவை நேரில்."

மூவரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அன்று பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். மறுநாள் ஒரு ஹாஸ்யக் காட்சி. வேலைக்காரன் ஜமீன்தாரைப் பார்த்து, "ஹி ஹி, தாங்கள் கீழே விழுந்தது எனக்குச் சிரிப்பை உண்டாக்குகிறது" என்றான். ஹுசைன் எழுந்து உட்கார்ந்தார். மறுபடி படுத்தார். மறுபடி எழுந்தார்.

"யா அல்லா! விழுந்தவனப் பாத்துச் சிரிக்கதுல என்னவே இருக்கு? விழுந்தவன், நான் விழவே இல்லங்கணும். தரையில கெடந்துக்கிட்டே, 'யாருடா அவன், தரையைத் தூக்கினது?'ன்னு கேக்கணும்!"

இசக்கிப்பாண்டி மளமளவென்று எழுதிக்கொண்டார்.

"ஓய்!" என்று ராமசுப்பு கத்தினார். "ஸ்ட்ரைக்கை முறிச்சுட்டீரே!"

"நான் எங்கவே எழுதினேன்? பேனாவைத் தொட்டேனா? நோன்பு பிடிக்கவன் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசத்தைப் பிடிச்சா நோன்பு போயிருமா? மனசுல வச்ச நிய்யத்துதான் முக்கியம்."

ராமசுப்பு நெடுநேரம் யோசித்து, வேலைநிறுத்தம் என்பது கைக்குத்தான், வாய்க்கு அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு எவ்வளவு தீர்க்கதரிசனமானது என்பது, இசக்கிப்பாண்டி கோர்ட்டுக் காட்சிக்கு வந்தபோது தெரிந்தது. 'ஐயா, நான் குற்றம் செய்யவில்லை. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று கதாநாயகன் கூண்டில் நின்று சொன்னதைக் கேட்டதும், ராமசுப்பு பாயிலிருந்து துள்ளி எழுந்து, துண்டை வக்கீல் அங்கி போலப் போட்டுக்கொண்டு, ஜன்னலை நீதிபதியாக்கி, சாயங்காலச் சங்கு ஊதும்வரை பேசினார். இசக்கிப்பாண்டிக்கு மை தீர்ந்துவிட்டது. கீழே பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து கேட்டார்கள். இரண்டாம் வேலைநிறுத்தத்தால் பாக்டரியில் வேலை நின்றது அந்த ஒரு தடவைதான்.

தங்கப்பழம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மற்ற இருவருக்கும் இது கௌரவம். அவருக்கு இது வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருந்த பேர். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகவேண்டியிருந்தது.

"உங்க ஸ்ட்ரைக்கு எந்த மட்டுல நிக்கு?" என்று சோற்றைப் போட்டுக்கொண்டே மாடத்தி கேட்டாள்.

"உறுதியா நிக்கு."

"படம் நின்னுட்டா?"

"அது... நடக்கு."

"அப்ப எதுதான் நின்னிருக்கு?"

"எங்க அருமை போகப்போகத் தெரியும். நீ கொஞ்சம் பொறு."

"எனக்குப் பொறுக்கதுக்குச் சொல்லித் தாரியளாக்கும்? வாசல்ல கோலம் போட்டது யாருன்னு எவனாவது கேக்கானா? கோலம் இல்லாத அன்னைக்குத்தான், வீட்டுல ஆளில்லையான்னு கேக்கான்."

தங்கப்பழத்துக்குக் கை அப்படியே நின்றது. சோறு விரலிலிருந்து இலைக்கு விழுந்தது.

"என்ன, கல்லு கெடந்துதா?" என்றாள் மாடத்தி.

"இல்ல. இல்ல. இன்னொரு தடவை சொல்லு."

"போங்க, சொன்னதத் திருப்பிச் சொல்ல நான் என்ன கிளியா?"

மறுநாள் இசக்கிப்பாண்டி கடைசிக் காட்சிக்கு வந்தார். பட்டணத்திலிருந்து திரும்பிய ஜமீன்தார் மகன், இத்தனை காலம் வீட்டைக் காத்தவளைப் பார்த்து, 'நீ யார்?' என்று கேட்கிறான். அவள் பதில் சொல்லவேண்டும். இசக்கிப்பாண்டி உரக்கச் சொன்னார்:

"நான் தங்கள் மனைவி. இதற்கு முன்பும் நான்தான் இருந்தேன்."

தங்கப்பழம் காதைப் பொத்திக்கொண்டார்.

"நான் தங்கள் மனைவி. தங்கள் பாக்கியவதியாகிய..." என்று இசக்கிப்பாண்டி அடித்துவிட்டுத் திருத்தினார். "சரி வரலையே. நான் தங்கள் மேற்படி மனைவி..."

சாப்பாட்டு நேரம் வரைக்கும் தங்கப்பழம் தாங்கினார். சாதத்தில் அப்பளத்தை நொறுக்கும்போது மேற்படி மனைவி நான்காவது முறையாக வந்தாள். அவர் எச்சில் கையை ஓங்கினார்.

"நிறுத்தும்வே! அவ தன்னைப் பத்தியே பேசமாட்டா. எழுதும்: 'கோலம் போட்டவள் யாரென்று எவரும் கேட்பதில்லை, நாதா! கோலம் இல்லாத அன்றுதான் வீட்டில் ஆளில்லையா என்று கேட்கிறார்கள்!' அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு எழுத்துச் சேர்த்தீர்னா கையை முறிச்சுருவேன்."

இசக்கிப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராமசுப்புகூட ஒன்றும் சேர்க்கவில்லை. ஹுசைன் மெதுவாக, "எங்க இருந்துவே பிடிக்கீரு இதெல்லாம்?" என்று கேட்டார்.

"வரும்," என்றார் தங்கப்பழம்.

மறுவாரம் முதலாளி மாடிக்கு வந்தார். "ஸ்ட்ரைக் எப்படி இருக்கு?"

"எஃகுபோல் இருக்கிறது!" என்றார் ராமசுப்பு.

"சந்தோஷம். படம் முடிஞ்சுபோச்சு. காலையிலதான் கடைசிச் சீனை ரயில்ல அனுப்பிச்சேன். இனிமே எத்தனை வருஷம் வேணும்னாலும் உறுதியா இருங்க." படியில் இறங்கும்போது திரும்பினார். "சீட்டு விளையாடுத இடத்துல பாத்திருப்பியளே. ஆடுதவனைவிட, பக்கத்துல நின்னு பாக்கானே, அவனுக்குத்தான் கை துறுதுறுங்கும். நான் எதையும் கேக்கலை. நீங்களாத்தான் எறக்குனிய."

சாயங்காலம் சாப்பாட்டில் அப்பளம் இல்லை.

படம் சங்கரன்கோவில் கொட்டகைக்கு வந்தபோது ஊரே போயிற்று. படத்துக்குப் பேர் ஜோசியர் வைத்தது. அதை முழுதாக வாசிப்பதற்குள் தரை டிக்கெட்டுக்காரர்கள் படுத்துவிட்டார்கள். மாடத்தி முறுக்கை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுத்து ஓடியது. முதலாளி பேர், அவருடைய அப்பா ஆசி, தலைமுடி அலங்காரம் செய்தவர் பேர், பட்டாடை கொடுத்த கடைக்காரர் பேர். ஊர்வலத்தில் நடந்த யானைக்குக்கூட பேர் வந்தது. பிறகு பெரிய எழுத்தில், பூமாலை சுற்றி, 'வசனம்: வித்துவான் இசக்கிப்பாண்டி'. காகிதமெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்ததால் சென்னையில் அப்படியே போட்டுவிட்டார்களாம். வாசலில் சரிகை அங்கவஸ்திரத்தோடு வித்துவான் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளையாக இருந்தபோது இருந்த கூனல் காணாமல் போயிருந்தது.

"வந்துட்டா?" என்று மாடத்தி கேட்டாள். "நான் கண்ண மூடினேனோ என்னமோ."

"இல்லை. வரலை."

அவள் முறுக்கை எடுக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. 'நீ யார்?' என்று அவன் கேட்டான். கோலம் போட்டவள் யாரென்று எவரும் கேட்பதில்லை, நாதா, என்றாள் அவள். முதலில் எங்கோ ஒரு பெண் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி கொட்டகை பூராவும் அழுதது. மகபூப் பீவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தங்கப்பழம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேர் இல்லாவிட்டால் என்ன, இது நான்தானே!

திரும்பிப் பார்த்தார். கொட்டகையில் அழாதவள் மாடத்தி ஒருத்திதான்.

"இது நான் சொன்னதுல்லா?" என்றாள்.

"ஆமா... 'நாதா' நான் சேத்தது."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன படத்துல, தண்ணிக் குடத்த எறக்கி வச்சுட்டு ஒருத்தி சொல்லுவாளே. அதுவும்?"

தங்கப்பழம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு முந்தின படத்துல பிள்ளை செத்தவ சொன்னது... நம்ம பிள்ளைக்கு நான் சொன்னதுல்லா?"

விளக்குப் போட்டார்கள். சனம் கலைந்தது. மாடத்தி தொடாத முறுக்கை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"நான் எழுத்துப் படிச்சதுக்கு என் பேரப் படிச்சிருக்கணும்," என்றாள்.

அவள் அவரிடம் பேசிய கடைசி வாக்கியம் அது. சண்டை போடவில்லை, அப்பா வீட்டுக்குப் போகவில்லை. விடிந்ததும் வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள், சோறு பொங்கினாள். சுவரில் இருந்த கரியெழுத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தாள். பேச்சு மட்டும் இல்லை.

தை மாதத்தில் முதலாளி ஆள் அனுப்பினார். வித்துவான் இசக்கிப்பாண்டியைச் சென்னையில் யாரோ காபி வாங்கிக் கொடுத்துக் கலைத்துவிட்டார்கள். ராமசுப்பு கட்சிக் கூட்டங்களில் பேசப் போய்விட்டார். ஹுசைன் பழைய தறி நெசவுக்கே திரும்பிவிட்டார்; தறிச் சத்தத்தில் ஹாஸ்யம் யார் காதிலும் விழாததால் யாரும் திருடுவதில்லை என்றார்.

"தங்கப்பழம், உம்ம பேரத் தனியாப் போடுதேன்," என்றார் முதலாளி. "முழுத் திரைக்கும் உம்ம பேரு மட்டும். யானைக்கு அடுத்து இல்லை, முன்னாடி. அழுகைப் படம். பொம்பளைங்க அழணும். போன படத்துல கோலம் வந்தமாதிரி ஒரு பத்து எடம் போதும்."

தங்கப்பழம் காகிதமும் கையுமாக வீட்டுக்கு ஓடிவந்தார். "மாடத்தி, பேரு போடுதாங்க!" என்றார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் தாளம் தப்பவில்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். ஒரு யோசனை தோன்றியது. ஒருவாய் உருட்டி, முகத்தைச் சுளித்து, "என்ன குழம்பு இது, உப்பே இல்லையே!" என்று அதட்டினார்.

முன்பு இதற்கு அவள் ஒரு பக்கம் பேசுவாள். இப்போது உப்புச் சட்டியைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டார். உப்பில்லை என்று திட்டுகிற புருஷனுக்கு ஒருத்தி என்ன பதில் சொல்லுவாள்? 'நாதா!' என்று எழுதினார். ஆச்சரியக்குறி போட்டார். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. அடுப்படிப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மை பேனா நுனியில் காய்ந்துவிட்டது. அவள் முறத்தைச் சுவரில் சாத்திவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, அவர் கால் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.